படம் மட்டும் மாறியது

மார்ச் 9, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் டிரைவிங் ஸ்கூல் மின்னஞ்சலுக்கு இது வருவதைப் பார்த்து யாரோ லைசென்ஸ் விஷயமாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். வீட்டு மின்னஞ்சலுக்கு அனுப்பினால் அண்ணன் என் பெயரைப் பார்த்ததும் படிக்காமலே அழித்துவிடுவான். என் போன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறவனிடம் வேறு எப்படி வந்து சேர்வது என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணி. அதனால் நலமா என்று கேட்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணன் வேலை பார்க்கும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அவசரக் கையேடு செய்து கொடுத்தது எங்கள் கம்பெனி. டேப்லெட்டில் இருக்கும். திறந்தால் குளோரின் அறையின் படம் வரும். எந்த வரிசைக் குழாயில் கசிகிறதோ அதைப் படத்தில் விரலால் தொட்டால், அதை எப்படி மூடுவது என்ற பக்கம் திறக்கும். அண்ணன் உங்களிடம் பெருமையாகக் காட்டியிருப்பான்.

போன மாதம் அங்கே இடது ஓரத்தில் புதிதாக ஒரு வரிசை கட்டினார்கள்; பழைய வரிசைகளின் எண்கள் மாறவில்லை. அது ஓட ஆரம்பிக்கும்வரை தனிப் பக்கம் வேண்டாம், படத்தில் மட்டும் சேர்த்து மாற்றுங்கள் என்றார்கள். அது அண்ணன் இருக்கும் இடம் என்று தெரிந்தே ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கி நான்தான் மாற்றினேன். என்னோடு பேசாவிட்டாலும் என் படத்தையாவது தொடுவான் இல்லையா. சிரிக்காதீர்கள்.

இந்த வேலையில் எங்களுக்கு ஒரே ஒரு கவலைதான். பழைய பக்கத்தைத் தூக்கிவிட்டுப் புதுப் பக்கம் வைத்தால் அதிலிருந்த லிங்க் எல்லாம் அதோடு போய்விடும். முன்பு ஒரு தடவை அப்படிச் செய்துவிட்டு ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். அந்தச் சூடு மறக்கவில்லை. அதனால் இப்போதெல்லாம் பக்கத்தில் கை வைக்காமல், படத்தை மட்டும் உருவிவிட்டு அதே இடத்தில் புதுப் படத்தைச் செருகுவேன். ஒரு லிங்க் கூடப் போகாது. கடைசியில், லிங்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை மென்பொருளை ஓட்டினால் எல்லாம் பச்சையாக வரும். இதற்கும் அப்படித்தான் வந்தது. நிலையத்துக்கு அனுப்பிய குறிப்பில் ‘படம் மட்டும் மாறியிருக்கிறது’ என்று எழுதினோம். வாசகம் மாறினால்தான் அவர்கள் பக்கம் பக்கமாகத் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். படம் மாறினால் யாரும் பார்ப்பதில்லை.

இன்று காலை மேலாளர் புதிதாகச் சேர்ந்தவர்களை உட்காரவைத்து, லிங்க் போகாமல் படத்தை எப்படி மாற்றுவது என்று என்னைக் காட்டச் சொன்னார். உங்கள் நிலையத்தின் படத்தைத்தான் திரையில் போட்டேன். வாயில் விளக்கம் சொல்லிக்கொண்டே இரண்டாவது வரிசையைத் தொட்டேன். மூன்றாவது வரிசையின் பக்கம் திறந்தது.

அண்ணி, லிங்க் படத்தில் ஒட்டியிருப்பதில்லை. படத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத கட்டங்களாக இருக்கும். இடப்பக்கம் ஒரு வரிசை சேர்ந்ததும் படத்தில் எல்லாமே ஓரிடம் வலப்பக்கம் தள்ளிப்போய்விட்டது. கட்டங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒன்றைத் தொட்டால் அடுத்ததன் பக்கம் வருகிறது. கடைசி வரிசையைத் தொட்டால் மட்டும் ஒன்றும் திறக்காது. அதுகூடப் பரவாயில்லை, ஒன்றும் திறக்காவிட்டால் ஆள் நின்று யோசிப்பார். தப்பான பக்கம் திறந்தால் அதையே செய்வார். தலைப்பில் வரிசை எண் சின்னதாக இருக்கும். முகமூடி மாட்டிக்கொண்டு நிற்கிறவர் தலைப்பையா படிப்பார்?

அந்த அறையில் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஓடுவது வாயு. கசிந்தால் குழாயின் இரண்டு பக்க வால்வையும் மூட வேண்டும். இரண்டாவதில் ஓடுவது திரவம். அதில் ஒரு பக்கம் திறந்தே இருக்க வேண்டும், மீதி வடிந்து பாதுகாப்புத் தொட்டிக்குப் போக. இரண்டு பக்கமும் மூடினால் நடுவில் மாட்டிய திரவம் வெயிலில் உப்பிக் குழாயைப் பிளந்துவிடும். இதெல்லாம் நான் வரைந்த பக்கங்கள்தான், அதனால் தெரியும்.

டேப்லெட்டுகளில் அது சனிக்கிழமையே ஏறிவிட்டது. எப்படியாவது அண்ணனிடம் சொல்லுங்கள், படத்தை நம்ப வேண்டாம் என்று.

உங்கள்,
பூச்சி

(அண்ணன் வைத்த பெயரை இன்னும் போட்டுக்கொள்கிறேன்.)


மார்ச் 10, செவ்வாய், காலை

பூச்சிக்கு,

அம்மா காரியம் முடிந்து போனவள், ஒன்றரை வருடம் கழித்துத் தலையைக் காட்டுகிறாய். அதுவும் வயிற்றில் நெருப்பைக் கட்டிவிடுவதற்கு. வாழ்க.

முதலில் என் ஆத்திரத்தைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எழுத வராது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை உறவுக்காரர்கள் முன்னால் உன் அண்ணனைப் பார்த்து, “நீ ஒழுங்கா கவனிச்சிருந்தா அம்மா போயிருக்க மாட்டா” என்று சொன்னாயே, அந்த ஒரு வாக்கியம் இன்னும் எங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறது. மாத்திரைப் பட்டையில் எழுதியிருப்பதை இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கொடுக்கிற மனுஷன் அவர். அவரைப் போய்க் கவனமில்லாதவர் என்றாய். இப்போது நீ எழுதியிருப்பதைப் படித்தபோது, ‘கவனம் யாருக்கு இல்லை?’ என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்டுவிட்டேன். போகட்டும்.

இனி விஷயம். உன் கடிதத்தை மூன்றாம் முறை படித்தபோதுதான் புரிந்தது. அப்போது ஸ்டியரிங்கில் ஒரு கல்யாணப் பெண் உட்கார்ந்து கிளட்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கத்து பிரேக்கை அழுத்தி வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இதை எனக்கு எதற்கு எழுதுகிறாய்? நிலையத்துக்குப் போன் போட்டு, ‘நாங்கள் தப்பு செய்துவிட்டோம், அதைத் திறக்காதீர்கள்’ என்று சொன்னால் ஒரு நிமிஷ வேலை. உன் மேலாளர் எதற்கு இருக்கிறார்?

எனக்குப் போன் பண்ணாதே. எங்கள் வீடு இரண்டு அறை, நான் யாரோடு பேசினாலும் இவர் காதில் விழும். எழுது.

அண்ணி


மார்ச் 10, செவ்வாய், மதியம்

அண்ணி,

நீங்கள் திட்டியது எல்லாம் எனக்கு வேண்டியதுதான்.

மேலாளரிடம் நேற்றே சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. “சோதனையில எல்லாம் பச்சைதானே?” என்றார். பச்சைதான் என்றேன். “அப்போ நாம செய்யவேண்டியதைச் செஞ்சிருக்கோம். நீ இப்பவே சரிபண்ணி வை. அடுத்த திங்கட்கிழமை மாதாந்திரப் பதிப்பு போகுது, அதோட சத்தமில்லாம போயிடட்டும். நடுவுல போய் நாமளே தப்புன்னு எழுதிக் கொடுத்தா, நம்ம செஞ்ச எல்லாக் கையேட்டையும் திருப்பிக் கேப்பாங்க. இந்த மாடியில இருக்கிற எல்லாருக்கும் வேலை போகும். முதல்ல உனக்குத்தான். ஒரு வாரத்துல கசிஞ்சிடப் போகுதா என்ன?” என்றார்.

நான் கட்டங்களை நகர்த்தி அரை மணியில் சரிசெய்துவிட்டேன். சரியான கோப்பு என் கணினியில் சும்மா இருக்கிறது. அனுப்பும் பொத்தான் அவரிடம்.

அனுமதியில்லாமல் நானே நிலையத்துக்குச் சொன்னால் என்ன ஆகும் என்று நேற்றெல்லாம் யோசித்தேன். போனை எடுத்து எண்ணைக்கூட அழுத்தினேன். “யார் பேசறது?” என்று கேட்டதும் வைத்துவிட்டேன். எனக்கு இந்த வேலையை விட்டால் வேறு எதுவும் தெரியாது, அண்ணி. பேரும் கெட்டுப்போனால் இந்தத் துறையில் யாரும் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள். கோழை என்று சொல்லுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

எனக்கு அண்ணன் பத்திரமாக இருந்தால் போதும். அவனிடம் மட்டும் சொல்லுங்கள். ஆனால் அவன் இதைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். நிலையத்தில் மூச்சுவிட்டால் யார் சொன்னது என்று கேட்பார்கள், நேராக என்னிடம் வந்து நிற்கும். திங்கட்கிழமை வரைக்கும்தான்.

பூச்சி


மார்ச் 11, புதன்

பூச்சிக்கு,

உன் அண்ணனை நீ மறந்தே போய்விட்டாய். அவராவது, வேலை விஷயத்தைத் தன்னோடு வைத்துக்கொள்வதாவது. வாசலில் ஒரு குழாய் சொட்டினாலே மூன்று பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற ஆள். அவரிடம் சொன்னால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வண்டியை எடுத்திருப்பார். அடுத்த அரை மணியில் உன் பெயர் ஊர் முழுக்க நாறியிருக்கும். அவருக்கு உன் மேல் இருக்கும் கோபத்துக்கு, அதைச் சொல்லும்போது குரல்கூட நடுங்காது. அதற்கப்புறம் நீங்கள் இரண்டு பேரும் இந்த ஜென்மத்தில் முகம் பார்த்துக்கொள்வீர்களா?

நானாக ஒரு வழி பார்த்தேன். நேற்றுச் சாயங்காலம் அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது, சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

“ஏங்க, அங்க ஏதாவது கசிஞ்சா அந்தப் படத்தைப் பார்த்துதான் எல்லாம் செய்வீங்களா?”

“பின்னே? அதுக்குத்தானே குடுத்திருக்கு. படத்தைத் தொடாம வால்வைத் தொடாதேன்னு எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கேன்.”

“படமே தப்பா இருந்தா?”

“உனக்கு என்ன ஆச்சு இன்னைக்கு? அது நாலு பேர் பார்த்து சரிபார்த்து வர்றது. உன் வண்டி மாதிரின்னு நினைச்சியா?”

அதோடு சிரித்துவிட்டு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். இவ்வளவு நம்பிக்கையாகச் சொல்கிற மனுஷனைக் காலையில் டிபன் கட்டிக் கொடுத்து எப்படி அனுப்புவேன்?

ஒரே வழிதான் தோன்றியது. எழுந்து நாலடி நடந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தலை சுற்றுகிறது என்றேன். நடிப்பில் நான் ஒன்றும் சோடை போகவில்லை, கண்ணைத் திறக்கவே பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டேன். பாவம், பாலிஷ் கையோடு ஓடிவந்தார், என் புடவையில் இன்னும் கறுப்புத் திட்டு இருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, என் காதில் ஏதோ கோளாறாக இருக்கலாம், தனியாக விடாதீர்கள், வண்டி ஓட்டவே கூடாது என்றார். எனக்கு என்ன வேண்டுமோ அதை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

உன் அண்ணன் லீவு போடக் கிடைக்காமல் திண்டாடினார். கடைசியில் பக்கத்து வீட்டு மீசைதான் வந்து கை கொடுத்தார். அவரும் அதே நிலையம், பம்ப் பக்கம் வேலை. உன் அண்ணனிடம்தான் குளோரின் அறைக்குப் பயிற்சி எடுத்தவர். “நீ வீட்டைப் பாருப்பா, உன் ஷிப்டை நான் பாத்துக்கறேன். சொல்லிக்கொடுத்தபடி செஞ்சா ஆச்சு” என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, “ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கறவங்களுக்கே தலை சுத்தினா எப்படிங்க?” என்று மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

திங்கட்கிழமை வரை உன் அண்ணன் என் பக்கத்தில்தான். இனி நிம்மதியாக இரு.

அண்ணி


மார்ச் 11, புதன், மாலை

அண்ணி,

கடிதத்தைப் படித்துவிட்டுக் கழிவறையில் போய் அழுதேன். மூன்று நாளாக ஒரு வாய் சோறு இறங்கவில்லை, இன்றுதான் சாப்பிட்டேன். உங்களுக்கு நான் பட்ட கடனை எந்த ஜென்மத்தில் தீர்ப்பேன்? பாலிஷ் கையோடு ஓடிவந்தான் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அவன் அப்படித்தான்.

ஒன்று கேட்கலாமா என்று தயக்கமாக இருக்கிறது. அந்த மீசைக்கு ஏதாவது ஜாடையாகவாவது சொன்னீர்களா? தலைப்பைப் படித்துவிட்டுச் செய்யுங்கள் என்கிற மாதிரி? நீங்கள் எப்படிச் சொல்வீர்கள், எனக்கே தெரியும். சொன்னால் நேரே அண்ணனிடம்தான் வந்து கேட்பார். இருந்தாலும் கேட்டேன். அவருக்குக் குழந்தைகள் உண்டா?

நாலு நாள்தான். ஒன்றும் ஆகாது. மேலாளர் சொன்னதையே நானும் சொல்கிறேன் பாருங்கள்.

பூச்சி


மார்ச் 12, வியாழன்

பூச்சிக்கு,

ஒரு பெண். பள்ளிக்கூடம் போகிறாள். இதைக் கேட்டு என்னையும் தூங்கவிடாமல் செய்துவிட்டாய்.

இன்று காலை மீசை மாடிப்படியில் இறங்கும்போது கதவைத் திறந்துகொண்டு நின்றேன். சொல்லிவிடலாம் என்றுதான். உன் அண்ணன் பின்னாலேயே வந்து, “எழுந்திரிக்காதேன்னு சொன்னேன்ல” என்று தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். “பார்த்துப் போங்க” என்று மட்டும் சொன்னேன். அவரும், “உடம்பைப் பாத்துக்கங்க” என்றார். அவ்வளவுதான் முடிந்தது.

இவர் மத்தியானச் சமையல் செய்கிறேன் என்று அடுப்படியை இரண்டாக்கிக்கொண்டிருக்கிறார். உப்பு எங்கே, கரண்டி எங்கே என்று நிமிஷத்துக்கு ஒரு குரல். நான் படுக்கையில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். இந்த வயதில் இந்தத் திருட்டுத்தனம் எனக்குத் தேவையா சொல். தினமும் ஒரு நாள் குறைகிறது, அதை நினைத்துத்தான்

நிலையத்தில் சங்கு ஊதுகிறது. இது ஷிப்ட் மாறுகிற நேரம் இல்லை. நிற்காமல் ஊதுகிறது. இவர் அடுப்பை அணைத்துவிட்டார்.


மார்ச் 12, வியாழன், மதியம்

அண்ணி, என்ன சங்கு? யார் உள்ளே? ஒரு வரி எழுதுங்கள்.


மார்ச் 12, வியாழன், மாலை

அண்ணி, நீங்கள் போனை எடுக்கவில்லை. நிலையத்துக்குப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அண்ணன் அங்கே ஓடினானா? தயவுசெய்து ‘இருக்கிறான்’ என்ற ஒரு வார்த்தையாவது அனுப்புங்கள்.


மார்ச் 14, சனி

பூச்சிக்கு,

உன் அண்ணன் இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிட்டேன். மீசை ஆஸ்பத்திரியில் இருக்கிறார், மூச்சு அவருடையது இல்லை, மெஷினுடையது. டாக்டர்கள் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

நடந்ததை எழுதுகிறேன். நீ தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது வரிசையில் ஒரு மூட்டில் லேசாகக் கசிந்திருக்கிறது. மீசை முகமூடி மாட்டிக்கொண்டு, டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வாசலில் நின்ற கூட்டாளி பார்த்திருக்கிறான்: படத்தைத் தொட்டார், வந்ததைப் படித்தார், இரண்டு பக்கமும் நிதானமாக மூடினார். கசிவு நின்றுவிட்டது. வெளியே வந்து கட்டைவிரலைக் காட்டியிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, சரியாக நின்றுவிட்டதா என்று பார்க்கத் திரும்பப் போயிருக்கிறார். அந்தக் குழாய் வெயில் படுகிற ஓரத்தில் இருக்கிறது. நீ எழுதிய மாதிரியே ஆகிவிட்டது, பூச்சி. ஒரு வார்த்தை பிசகாமல்.

உன் அண்ணன் அங்கே ஓடிப்போய் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் ஒருவர். கண் இன்னும் சிவந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: “நான் இருந்திருந்தா இது ஆகியிருக்காது. ரெண்டாவது வரிசை எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். படமெல்லாம் புது ஆளுங்களுக்குத்தான்.”

அன்று ஷூவைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சொன்னது ஊருக்குச் சொல்கிற பாடம். அவருக்கு அந்தப் படம் தேவையே இல்லை. தேவைப்பட்டது மீசைக்கு. நான் என் ஆளை வெளியே இழுத்துவிட்டு, அந்த இடத்தில் அவரைக் கொண்டுபோய் வைத்தேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்கு விசாரணைக்கு வந்தவர்கள், கையேடு சரியாக இருக்கிறது, வாங்கும்போது ஒவ்வொரு பக்கமும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதற்கப்புறம் மாறியது படம் மட்டும்தான், ஆள்தான் பதற்றத்தில் தப்பான வால்வை மூடிவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மீசை வீட்டம்மா கேட்டுக்கொண்டே நின்றாள். அழவில்லை. “அவர் பதறுற ஆள் இல்லீங்க” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நினைக்கிறார்.

பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நீங்க எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கீங்க, உங்களுக்கு தலைசுத்தல் தேவலையா?” என்று கேட்டாள்.

பூச்சி, நான் வண்டி சொல்லிக்கொடுக்கிறவள். என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது என்று நம்பித்தான் எல்லோரும் ஸ்டியரிங்கில் உட்காருகிறார்கள். எனக்குத் தெரிந்திருந்தது. காலை வைக்கவில்லை.

இதை அனுப்பிவிட்டு உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். உன் கடிதங்களையும் காட்டுவேன். உன் வேலை போகும், ஒருவேளை அதற்கு மேலும் ஆகும். என்னோடு அவர் இருப்பாரா, தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண் பிள்ளை பள்ளிக்கூடத்தில் போய், எங்க அப்பா பயந்துபோய்த் தப்பு பண்ணிட்டார் என்று சொல்லிக்கொண்டு வளரக் கூடாது. அவர் தப்பு பண்ணவில்லை. உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, உன்னிடம் சொல்லிவிட்டு அவரிடம் சொல்கிறேன்.

அண்ணி


மார்ச் 16, திங்கள்

அண்ணி,

நீங்கள் சொன்னது சரி. என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டீர்களே என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

நேற்று அலுவலகம் பூட்டியிருந்தது. காவல்காரரிடம் பொய் சொல்லி உள்ளே போனேன். இடம் தள்ளிப்போன பழைய கோப்பு, நான் சரிசெய்த கோப்பு, மேலாளரிடம் சொன்ன அன்றே எனக்காக எழுதி வைத்திருந்த குறிப்பு, எல்லாவற்றையும் நிலையத்துக்கும் விசாரணைக்காரர்களுக்கும் என் பெயரிலேயே அனுப்பிவிட்டேன். மேலாளருக்கும் ஒரு நகல் போட்டேன். இன்று காலை அலுவலகத்தில் என் அடையாள அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கவில்லை. பத்து நிமிஷம் அங்கேயே நின்றுவிட்டு அறைக்குத் திரும்பிவிட்டேன். போலீஸ் வந்து அழைத்துப்போவார்களா, நோட்டீஸ் வருமா, தெரியவில்லை. படிக்கட்டில் யார் ஏறினாலும் எழுந்து கதவருகே போய் நிற்கிறேன்.

நான் எழுத வந்தது அதில்லை. அண்ணன் போன் பண்ணினான்.

திரையில் அவன் எண்ணைப் பார்த்ததும் எடுக்கவே பயமாக இருந்தது. ஒன்றரை வருடமாக இந்த எண் வராதா என்று காத்திருந்தவள் நான். எடுத்தேன். ஹலோ சொல்லவில்லை. பூச்சி என்று கூப்பிடவில்லை. “ரெண்டாவது வரிசையைத் தொட்டா எந்தப் பக்கம் திறக்கும்?” என்று கேட்டான்.

“மூணாவது வரிசையோட பக்கம்” என்றேன்.

“நீயே பார்த்தியா, இல்ல யாராவது சொன்னாங்களா?”

“நானேதான் பார்த்தேன்.”

“விசாரணையில கேட்டா இதையே சொல்லுவியா?”

“சொல்லுவேன்.”

எழுதிக்கொண்டிருந்தான் போல, தாள் சத்தம் கேட்டது. அவன் எப்போதும் இரண்டு தடவை வாசிப்பான் என்பீர்களே, அதே போல எழுதியதை எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டினான். சரி என்றேன்.

“எப்போ பார்த்தே?”

“திங்கட்கிழமை, காலையில.”

அதையும் எழுதிக்கொண்டான்.

“மீசை உள்ளே போனது வியாழக்கிழமை” என்றான்.

ஆமாம் என்றேன். வைத்துவிட்டான்.

பூச்சி